குஞ்சம் கட்டாத சும்பி

நவம்பர் 6

கம்பளி கத்தரிப்பு முடிந்தது. முதுகு நிமிரவில்லை. அல்பாக்காக்கள் எல்லாம் குளித்து எழுந்த பிள்ளைகள்போல ஒல்லியாக நிற்கின்றன, சும்பியைத் தவிர. பிறந்த அன்றே அதை மலைச்சாமிக்கு நேர்ந்துவிட்டேன். அல்பாக்காவின் காட்டு உறவான விக்குனாவின் பழுப்பு, மார்பில் வெள்ளை. அல்லின்காபாக் மலை தன் சாயலைப் போட்டு அனுப்பிய குட்டி. கத்தரி படக்கூடாது, எங்களுடையது என்று காதில் நூல் குஞ்சமும் கட்டக்கூடாது.

"சாமிக்குப் போர்வை, நமக்குக் குளிரு" என்று சிப்ரியானோ வழக்கம்போல முணுமுணுத்தார். புருஷன் வாய்க்கும் சேர்த்து ஒரு ஜெபம் சொன்னேன்.

நவம்பர் 10

வனவிலங்கு அலுவலகத்திலிருந்து பாரேதெஸ் என்று ஒருவர் வந்தார். கடலோரத்துப் பிள்ளை, எங்கள் மேட்டில் மூச்சு வாங்கியது. கோக்கா இலை போட்ட வெந்நீர் கொடுத்தேன். மந்தையைச் சுற்றிவந்தவர் சும்பியிடம் நின்றார்.

"இதுக்கு மட்டும் ஏன் குஞ்சம் இல்ல? இது யாரோடது?"

"மலைச்சாமியோடது ஐயா. எங்களோடது இல்ல."

உண்மையைத்தானே சொன்னேன்! அவர் எழுதிக்கொண்டார்: உரிமையாளர் இல்லை. விக்குனா, அல்லது கலப்பு. காட்டு விலங்கு.

அல்பாக்கா என்றால் வளர்ப்பவருடையது. விக்குனாவும், இரண்டும் சேர்ந்து பிறந்த கலப்பும் அரசாங்கத்துடையது. இங்கே யாருக்குத் தெரியாது? தெரிந்தும் இந்த வாய் சொன்னது. வெள்ளிக்கிழமை வண்டி வருமாம். மலைக்கு அந்தப் பக்கம் விக்குனாக் கூட்டத்தில் விட்டுவிடுவார்களாம்.

சும்பி சினையாக இருக்கிறது.

நவம்பர் 11

"நீ சாமிக்குக் குடுத்தே, சாமியைக் கேக்காம அரசாங்கத்துக்கும் குடுத்துட்டே" என்றார் சிப்ரியானோ. கத்திவிட்டு, சும்பிக்கு உப்பு கொடுக்கப் போனார். அது அவர் உள்ளங்கையை நக்கி முடிக்கும்வரை அசையாமல் நின்றார்.

கையில் உப்பு தின்று வளர்ந்தது. விக்குனாக் கூட்டத்துக் கிடா அண்டவிடுமா? உதைத்து விரட்டும். அப்புறம் நரி — வேண்டாம், எழுத மாட்டேன்.

"எங்களோடது" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நேர்ந்ததைத் திரும்பப் பிடுங்குவதா? சாமியிடமே திருடுவதா?

நவம்பர் 12

ஜெபமாலை இரண்டு முறை. மனம் ஒட்டவில்லை.

நவம்பர் 13

மலையைப் பார்த்து உட்கார்ந்து, சோளக்கள்ளை மண்ணில் ஊற்றினேன். "உம்முடைய மந்தையை எங்களுக்கு இரவல் தந்தவரே" — வருஷா வருஷம் சொல்கிற வார்த்தைதான். இன்றுதான் என் காதிலேயே விழுந்தது.

மந்தை என்றால் முழு மந்தைதானே? சும்பி மட்டுமா?

நாளைக்கு வரட்டும் வண்டி.

நவம்பர் 14

வண்டியில் பாரேதெஸோடு ஒரு கால்நடை டாக்டரம்மாவும் வந்தார். கயிற்றோடு இறங்கிய பாரேதெஸை மறித்தேன்.

"ஐயா, அன்னைக்கு அரைகுறையாச் சொல்லிட்டேன். சும்பி மலைச்சாமியோடதுதான். அந்த வெள்ளை, அந்தக் கறுப்பு, அதோ அந்த நொண்டி, எல்லாமே அவரோடதுதான். இரவல் வாங்கி வளக்கறோம். அதனால ஒண்ணு காட்டு விலங்குன்னா அத்தனையும் காட்டு விலங்குதான். ஏத்துங்க எல்லாத்தையும்!"

பக்கத்து நிலத்துச் சுவருக்கு மேல் என் நாத்தனார் நிகோலாசாவின் தலை. "தம்பி, எங்க வீட்டுக்காரரும் சாமி குடுத்ததுதான்! வண்டியில இடம் இருந்தா அவரையும் ஏத்திக்கோ!"

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சிரித்துக்கொண்டே சும்பியின் விலாவில் கம்பளியைப் பிரித்தார். விரல் மறைந்தது. பிறகு கை முழுவதும் மறைந்தது. சிரிப்பு நின்றது.

"எப்பக் கத்தரிச்சீங்க?"

"பிறந்ததுலேருந்து கத்தரியே படல அம்மா. நேர்ந்துவிட்டது."

"பாரேதெஸ், இங்க வாப்பா. கையை விட்டுப் பாரு. விக்குனாவுக்கு இவ்வளவு நீளம் வளராது, கலப்புக்கும் வளராது." பல்லையும் பார்த்தார். "இது பழுப்பு அல்பாக்கா. ஒழுங்கா வருஷா வருஷம் கத்தரிச்சிருந்தா எனக்கும் சந்தேகம் வந்திருக்கும்."

சாமி! மாட்டிவிட்டதும் நேர்ச்சை, மீட்டுக் கொடுத்ததும் நேர்ச்சை.

பாரேதெஸ் காது சிவக்க எழுதியதை அடித்தார். "அப்ப உரிமையாளர்னு யாரைப் போடறது?"

சிப்ரியானோ முடிவை என்னிடம் விட்டு என்னைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

"எங்க பேரைப் போடுங்க ஐயா. நேத்து சாமிகிட்ட கேட்டுக்கிட்டேன்."

நவம்பர் 15

சும்பிக்கு முதல் கத்தரிப்பு. இனி அதுவும் மற்றவைபோல எங்களுக்கு இரவல்தானே. முதல் கைப்பிடி கம்பளியை மலையடியில் புதைத்தேன், அவர் பங்கு. சூப்பில் இறைச்சி தாராளம். இன்று செலவுக் கணக்குப் பார்க்கவில்லை!

பிப்ரவரி 16

கார்னிவல் திருவிழா. குட்டிகளுக்குக் குஞ்சம் கட்டும் நாள். பறையும் குழலுமாக முற்றம் அதிர்ந்தது. பாரேதெஸும் வந்திருந்தார், நிகோலாசா கேட்காமலே திருவிழா வழக்கப்படி அவர் முகத்தில் மாவைப் பூசிவிட்டாள். மூச்சு இப்போது வாங்கவில்லை, ஆடக்கூடச் செய்தார்.

சும்பியின் காதுகளில் சிவப்பும் மஞ்சளும் கட்டினேன். பிறகு அதன் குட்டியை மடியில் இழுத்தேன். தாயைப்போலவே பழுப்பு, மார்பில் அதே வெள்ளை.

பாரேதெஸ் மாவு முகத்தோடு குனிந்தார். "அக்கா, இது யாரோடது?"

ஆட்டம் நின்றது. எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். கள்ளுக் குவளையை வாங்கி, மலையைப் பார்த்து முதல் வாயை மண்ணுக்கு ஊற்றினேன். சிவப்பு நூலைப் பல்லால் கடித்து, குட்டியின் காதில் இறுக்கி முடிச்சுப் போட்டேன்.

"எங்களோடது" என்றேன்.