சூட்டுல மஞ்சளாகிற பொடி

14.6.99 திங்கள்

காலையிலேயே வெயில் கொளுத்துது. ராயபுரத்துல பஸ் லேட். திருவொற்றியூர் வரைக்கும் நின்னுகிட்டே. ரப்பர் கம்பெனி லேப்ல இது மூணாவது மாசம்.

இன்னைக்குப் பெரிய கலாட்டா. பைப் வாஷர் எல்லாம் அச்சுல இருந்து அல்வா மாதிரி வந்துச்சு. தொட்டா ஒட்டுது. மேனேஜர் நேரா ஏழுமலை அண்ணன்கிட்ட பாய்ஞ்சார். ரப்பர்ல கந்தகம், ஜிங்க் ஆக்சைடு எல்லாம் சேர்த்துப் பிசையிற மில்லு அவர் பொறுப்பு. பதினெட்டு வருஷமா.

"கந்தகத்தைக் கம்மியா போட்டுட்டியா? வியாழனோட நின்னுக்கோ."

"அளந்துதான் சார் போட்டேன். இன்னா சார் நீ, என்னப் போயி..."



வாங்கணும்: ஷாம்பு, ஊக்கு, அம்மாவுக்கு வேர்க்குரு லோஷன்.

15 செவ்வாய்

லோஷன் பாட்டில்ல பொடி எழுத்து: ஜிங்க் ஆக்சைடு. படிச்சதும் பொறி தட்டுச்சு. எல்லாரும் கந்தகத்தையே பேசுறோம். ஜிங்க் சரியில்லன்னா கந்தகம் எவ்ளோ போட்டும் ரப்பர் இறுகாதே!

ஸ்டோர்ல கேட்டேன். "போன வாரம் புது மூட்டை வந்துச்சு. பழசு ஒரு டின் கீது, வோணுமா?"

ரெண்டும் வெள்ளை, மைதா மாதிரி. கண்ணுக்கு வித்தியாசமே இல்ல.

ரெண்டு கிண்ணம். அடுப்புல வெச்சேன். பழசு சூடு ஏற ஏற மஞ்சள், நல்ல எலுமிச்சை மஞ்சள்! இறக்கினா மறுபடி வெள்ளை. காலேஜ்ல பார்த்தது, இப்பவும் மேஜிக்தான். புதுசு? லேசா ஒரு பழுப்பு. அவ்ளோதான்.

அப்புறம் ஆசிட். பழசு சத்தமில்லாம கரைஞ்சுது. புதுசு சோடா மாதிரி பொங்குது. மூட்டை வித்தவன் சுண்ணாம்புக்கல் பொடி கலந்திருக்கான் படுபாவி!! மூணு தடவை செஞ்சேன். மூணு தடவையும் பொங்குச்சு.

16 புதன்

வேர்வை. கரண்ட் கட். மேனேஜர் ரூம்ல நான், ரெண்டு கிண்ணம், ஆசிட் பாட்டில்.

"என்னம்மா, லேப்ல விளையாட்டா?"

"நீங்களே ஊத்திப் பாருங்க சார்."

ஊத்தினார். புதுசு புஸ்ஸுன்னு பொங்குச்சு. மறுபடி கொஞ்சம் ஊத்தினார். "பழைய டின்னை வெச்சு ஒரு தடவை போடச் சொல்லு."

கரண்ட் வந்ததும் ஏழுமலை அண்ணன் மில்லுல பிசைஞ்சார். நான் பக்கத்துலயே. "வந்துருமா பாப்பா?"

"வந்துரும்ணே." ரப்பர் ஒரு ராத்திரி ஆறணும். நாளைக்குத்தான் அச்சு.

17 வியாழன்

தூறல். எட்டு மணிக்கே போயிட்டேன்.

அச்சு திறந்தாங்க. ஆவி. மேனேஜர், ஸ்டோர் ஆளு, பேக்கிங் அக்காங்க எல்லாம் சுத்தி. ஏழுமலை அண்ணன் ஒரு வாஷரை எடுத்து ஊதினார், இழுத்தார், விட்டார். பட்டுன்னு பழைய வட்டம். அப்புறம் வாயில வெச்சு நறுக்குன்னு ஒரு கடி.

என்கிட்ட நீட்டினார். கண்ணு ரெண்டும் நிறைஞ்சிருக்கு.

வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பல்லு பதியவே இல்ல.