கொல்லையில் நட்ட செடி

மாமா,

நம் பாப்பாவை அழைத்துக்கொண்டு காலை பஸ்ஸில் வேலூர் டாக்டரிடம் போகிறேன். களி கிளறி மூடி வைத்திருக்கிறேன். சாவி கமலம்மா வீட்டில். நம் நகரி ஆந்திராவில் இருப்பதா மெட்ராசில் சேர்வதா என்று கையெழுத்துக் கேட்டு வருவார்கள். எதில் சேர்த்தாலும் வேலூர் பஸ்ஸை மட்டும் நிறுத்தாதீர்கள் என்று சொல்லுங்கள்.

நேற்று நீங்கள் நட்ட சுடுகாட்டு மல்லியைப் பிடுங்கியது நான்தான். "பாப்பாவுக்கு வந்த ரத்தப் புத்துக்கு அதுலதான் சீமையில மருந்து தேடிக்கினு இருக்கான், பேப்பர்லயே போட்டுக்கிறான்" என்று கத்தினீர்கள். சீக்காளிப் பிள்ளை இருக்கிற வீட்டில் சுடுகாட்டில் முளைக்கிற செடியா என்று எனக்கு ஆத்திரம்.

நீங்கள் முன்பே இந்தச் செடியைச் சொன்னதால், போன தடவையே டாக்டரைக் கேட்டேன். உங்களிடம் சொல்லவில்லை. தேடுவது நிஜம்தானாம். ஆனால் இலையை அப்படியே அரைத்துக் கொடுத்தால் விஷமாம். மருந்தாகி இங்கே வரச் சில வருஷம் ஆகுமாம். பாப்பாவுக்குச் சில மாசம்தான் என்றார்.

நீங்கள் அதன் இலையை அரைத்து வைத்ததைக் கொட்டிவிட்டேன்.

பொன்னி

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன். செடியைத் திரும்ப நட்டுவிட்டேன், தண்ணீர் ஊற்றுங்கள். பாப்பா அந்தப் பூவைக் கேட்டு அழுதாள். எந்த இடத்துப் பூ என்று அவளுக்குத் தெரியாது. தலையில் வைத்துத்தான் அழைத்துப் போகிறேன்.