பத்தரை வோல்ட்

ஆயுத பூஜை நாள், பிற்பகல் 2.10

பேட்டரி 12.6 வோல்ட். காற்று டப்பா பச்சை. புழுதிக் கண் சிவப்பு. கதவு பூட்டு.

காலையில் வெண்ணிலத்து உப்புவெளியில் நிறுத்திப் பூஜை போட்டோம். மதியம் நான்கு கேரவன்களும் ஒரே நேரத்தில் அலறின. ஷட்டர்கள் தாமாக இறங்கின, கதவுகள் பூட்டிக்கொண்டன. செம்புழுதிப் புயல். மூச்சில் போனால் நுரையீரல் மிஞ்சாது என்பதால் வெளியே புழுதியைப் பார்க்கும் அந்தக் கண் பச்சையாகும் வரை பூட்டு விடாது. இந்த வண்டியில் நானும் என் மகள் பூவணியும். பிறந்து ஒன்பது மாதம். என் கணவர் அருள்வேல் முன்வண்டியில், தண்ணீர்த் தொட்டியோடு. மற்ற இரண்டில் அவர் கூட்டாளிகள்.

பதிவு எழுதுவது என் வேலை. நான் தாரகை, பௌதிகம் படித்தவள்.

இரவு 9.00

12.3. விளக்கை அணைத்துவிட்டேன். மின்விசிறி மட்டும். பேட்டரியை மிச்சம் பிடித்தால் உயிரை மிச்சம் பிடித்த மாதிரி.

வண்டிக்கு வண்டி ரேடியோப் பேச்சு கட்டுப்பாட்டு நிலையத்தின் வழியாகத்தான் போகும். நிலையத்தில் ஜெசிந்தா என்ற பெண். அவள் அருள்வேலுக்கு இணைப்புக் கொடுத்தாள்.

"என்ன மீட்டரம்மா, எத்தனை வோல்ட்?"

"கிண்டல் வேண்டாம். உங்க டப்பா எப்படி?"

"மஞ்சளுக்கு வந்திருச்சு. புதுசைக் காலையில உன் வண்டியில மாட்டிட்டேன். பிள்ளை இருக்கால்ல. என்னது நாளைக்கு ராத்திரி வரை தாங்கும், அதுக்குள்ள புயல் போயிரும். தூங்கு."

கரியமில வாயுவை உறிஞ்சும் டப்பா அது. தீர்ந்தால், மூடிய வண்டிக்குள் நாம் விட்ட மூச்சைத்தான் நாமே இழுக்க வேண்டும். என்னிடம் கேட்காமல் மாற்றியிருக்கிறார்.

மறுநாள், காலை 11.40

13.4. நிலையத்துக்குச் சொன்னேன்.

"ஏறும்போது பார்த்தா மீட்டர் கூட்டித்தான் காட்டும்கா. எல்லாத்தையும் அணைச்சு, கொஞ்ச நேரம் ஆறவிட்டுப் பாருங்க."

சரி என்று ரேடியோவை வைத்த பிறகுதான் உறைத்தது. ஏறும்போது. எங்கிருந்து ஏறுகிறது?

நண்பகல் 12.30

சோலார் இணைப்பை நிறுத்தி, ஆறவிட்டுப் பார்த்தேன். 12.6. ராத்திரி செலவழிந்ததெல்லாம் திரும்பிவிட்டது. இணைப்பைப் போட்டதும் கூரைப் பேனலிலிருந்து பதினெட்டு ஆம்ப் வருகிறது. புயலில் பேனல் ஒரு ஆம்ப் கூடத் தராது.

வெளியே வெயில் அடிக்கிறது.

12.50

"ஜெசிந்தா, புயல் இல்லை. வெறும் வெயில்."

"மீட்டர் கோளாறா இருக்கும்கா. நாலு வண்டிக் கண்ணும் சிவப்பு காட்டுது. நாலும் சேர்ந்தா பொய் சொல்லும்?"

"மேலேயிருந்து வர்ற செயற்கைக்கோள் படம் பாருங்க."

"அந்தப் பக்கம் படம் சாயங்காலம்தான் வரும். நீங்க பதறாதீங்க."

நாலும் சேர்ந்து ஏன் பொய் சொல்லும்? பூவணியின் கன்னத்து மைப்பொட்டு வியர்வையில் கரைந்திருந்தது. துடைத்துக்கொண்டே இருந்தவள், கையை எடுக்காமல் நின்றுவிட்டேன்.

நேற்றுக் காலை. சந்தனக் கிண்ணத்தோடு அவர் வண்டி வண்டியாகப் போனார். ஸ்டீயரிங், டயர், கடைசியில் முகப்பில் உள்ள புழுதிக் கண்ணின் கண்ணாடிக் குமிழ். "முகத்துல பொட்டு இல்லாம எப்படி?" என்று கட்டைவிரலால் அப்பினார், நடுவில் குங்குமம். ஈரமாக இருந்தவரை வெளிச்சம் போயிருக்கும். வெயிலில் காய்ந்ததும் கண் குருடானது. நாலு கண்ணும்.

பிற்பகல் 3.30

"அக்கா, நீங்க சொன்ன பொட்டு விஷயத்தை மத்தவங்ககிட்ட சொல்லிட்டேன். பொட்டை நம்பிக் கதவைத் திறக்க மாட்டோம்கிறாங்க."

"அருள்வேல்?"

"மதியமே தலை வலிக்குது, படுக்கேன்னார். அப்புறம் எடுக்கலை."

பேட்டரிப் பெட்டி வண்டிக்கு வெளிப்பக்கம். ஆவி உள்ளே வராமல் இருக்க. அதனால் கழற்ற முடியாது. கதவின் காந்தப் பூட்டு பத்தரை வோல்ட்டுக்குக் கீழே போனால்தான் விடும். நான் இரண்டு நாளாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்ததுதான் எங்களை அடைத்து வைத்திருக்கிறது.

மாலை 6.15

வெயில் இறங்கிவிட்டது. பேனல் பூஜ்யம். மின் அடுப்பு, கெட்டில், குளிர்சாதனம், எல்லா விளக்கும் போட்டுவிட்டேன். வெறும் தண்ணீர் கொதிக்கிறது. இப்படி அடிவரை இறக்கினால் இந்த பேட்டரிகள் பழையபடி ஏறாது. காற்றும் நின்றுவிடும். நான் சொன்னது தப்பென்றால் பூவணிக்கு... அதை எழுத மாட்டேன்.

12.0.

7.40

11.3. நிலையம் கூப்பிடுகிறது. "அக்கா, படம் மங்கலா இருக்கு, மேகமா புழுதியான்னு தெரியலை. திறக்காதீங்க. கேக்குதா?" கேட்டது. பிள்ளையைத் தூளியிலிருந்து எடுத்து ஈரத் துணியில் சுற்றி நெஞ்சோடு கட்டிக்கொண்டேன். அழுகிறாள்.

8.25

10.6. விளக்குகள் செம்மஞ்சளாகிவிட்டன.

பத்தரைக்குக் கீழே எல்லாமே தானாக அணையும்; அந்தச் சுமை போனதும் பேட்டரி கொஞ்சம் தெளியும். பதினொன்றுக்கு ஏறும். பூட்டு மறுபடி பிடிக்கும். கிடைப்பது சில விநாடிதான். இட்லித் தட்டைக் கையில் வைத்திருக்கிறேன். இடுக்கில் செருக.

8.31

இருட்டு. டக் என்றது. தள்ளினேன். தட்டு வளைந்தது, ஆனால் பிடித்தது.

முதல் மூச்சை நான் இழுத்தேன். பூவணியின் முகத்துணியை அதற்கப்புறம்தான் விலக்கினேன்.

உப்பு வாசனை. காற்றே இல்லை. நட்சத்திரம். நான்கு வண்டிகளும் நிறுத்திய இடத்திலேயே, நெற்றியில் பொட்டோடு.

பதிவுப் பலகைக்குத் தனி செல் உண்டு, அதனால் எழுத முடிகிறது. பிள்ளையின் ஈரத் துணியோடு போகிறேன். முதலில் முன்வண்டி. அவர் பேட்டரிகள் புதுசு. நம்முடையதை விடப் பெரிசு. தாமாக இறங்க நாளாகும்.

8.40

பொட்டைச் சுரண்டித் துடைத்துவிட்டேன். கண் பச்சை. ஷட்டர் ஏறியது. பூட்டு விட்டது. கதவு அகலத் திறந்து நிற்கிறது.

பேர் சொல்லிக் கூப்பிட்டேன். பூவணியையும் அழவிட்டேன், அவள் அழுதால் எந்தத் தூக்கத்திலும் எழுந்துவிடுவார்.

உள்ளே விளக்கு எரிகிறது. மின்விசிறி ஓடுகிறது. மீட்டர் 12.7 காட்டுகிறது. காற்று டப்பா சிவப்பு.

அவர் இன்னும் இறங்கி வரவில்லை. நான் ஏறிப் பார்க்கிறேன்.