கட்டிலடியில் ஒரு தலை

செவ்வாய், மார்ச் 3
காலையிலிருந்து மழை. வீட்டில் இருந்தவர்கள்: மகன் செல்வம், மருமகள் உமா, பேத்தி தாரிணி, நான். எல்லார் முன்னாலும்தான் செல்வம் என்னிடமிருந்து வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை வழி மறந்துவிட்டேனாம். மறக்கவில்லை. ஃபேரர் பார்க்கில் என் சிநேகிதி ராஜம்மா வீட்டில் மழை விடட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். போனில் சார்ஜ் இல்லை. பிடோக்கில் எங்கள் வீடு வந்து சேர ராத்திரி எட்டு மணி. அவ்வளவுதான்.

"வெள்ளிக்கிழமை நர்ஸ் வந்து ஞாபக டெஸ்ட் பண்ணுவாங்கம்மா. சரியா இருந்தா சாவி தர்றேன். இல்லாட்டி முதியோர் டே கேர்தான்."

எனக்கு ஞாபக டெஸ்ட். இவன் கல்யாணப் பந்தியில் உமாவின் சித்தி எனக்கு மட்டும் வடை வைக்காமல் தாண்டிப் போனாள். அவள் கட்டியிருந்த சேலையின் கரை நிறம்கூடச் சொல்வேன்.

புதன்
வெயில். கம்பிக்கேட்டுக்கு உள்ளே நின்று துணி மடித்தேன். எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா மார்க்கெட் போகவில்லையா என்று கேட்டாள். கால் வலி என்றேன். பொய்.

தாரிணி பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மண்டை ஓடு கொண்டுவந்தாள். பிளாஸ்டிக், மெஷினில் அச்செடுத்தது. பார்த்தால் நாய். நாய் இல்லையாம். கோடி வருஷத்துக்கும் முந்திய மிருகம். பெயர் ஹையனோடன்.

உமா: "செத்த தலைய வீட்ல வைக்கிறதா? வெளிய போடுடி."

போட்டுவிட்டேன் என்றாள் தாரிணி. போடவில்லை. என் கட்டிலடியில் தள்ளிவிட்டாள். "அம்மாகிட்ட சொல்லாதீங்க பாட்டி, ப்ளீஸ் லா."

வியாழன்
புழுக்கம். முட்டி வீக்கம். தைலம் தீர்ந்தது.

மதியம் தாரிணி தலையை எடுத்துக் காட்டினாள். தேக்கா மார்க்கெட்டில் என் வீட்டுக்காரர் ஆட்டுக்கறிக் கடை வைத்திருந்தபோது எத்தனை தலை சுத்தம் செய்திருப்பேன். தொட்டவுடன் தெரிந்தது, இது வேறு.

– முகம் நீளம். மூளைக்கு இடம் கொஞ்சம். உச்சியில் கத்தி மாதிரி மேடு, தாடைச் சதை பிடித்துக்கொள்ள.
– நாய்க்குக் கறி அறுக்கும் பல் பக்கத்துக்கு ஒரு ஜோடி, அதற்குப் பின்னால் அரைக்கும் பல். இதற்குக் கடைசிவரை அறுக்கும் பல்தான்.
– அதனால் கறி மட்டும். நாய்போலக் கிடைத்ததைத் தின்று பிழைக்க முடியாது. காடு மாறி இரையும் மாறியபோது அழிந்திருக்கலாம். யாருக்கும் நிச்சயமில்லையாம்.
– தேயத் தேய மேல்பல் உள்பக்கம் திரும்பிக் கூராகவே இருக்குமாம். இது எனக்குப் பிடித்தது.

"அப்போ மூஞ்சியப் பார்த்து நாய்னு சொல்லக்கூடாது?"
"கூடவே கூடாது பாட்டி. பல்லப் பார்க்கணும்."

வெள்ளி
மேகமூட்டம். நர்ஸ் தமிழ்ப் பெண். தேதி, கிழமை, பிளாக் நம்பர், எல்லாம் சொன்னேன். ஐந்து வார்த்தை சொல்லித் திருப்பிக் கேட்டாள். வரிசை மாறாமல் ஐந்தும். பிறகு ஒரு படத்தைக் காட்டினாள்.

"இது என்ன மிருகம் பாட்டி?"
"வாய மூடியிருக்கே. எப்படிச் சொல்றது?"
"சும்மா சொல்லுங்க."
"நாய் மாதிரி இருக்கு. ஆனா நாய் இல்லாத ஒண்ணும் இப்படித்தான் இருக்கும். இப்போ உலகத்துலயே இல்ல."
"நீங்க எங்க பார்த்தீங்க?"
"என் கட்டிலடியில. தலை மட்டும்."

பேனா நின்றது. செல்வம் தாரிணியைப் போய்ப் பார்க்கச் சொன்னான். எனக்குச் சிரிப்புகூட வந்தது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே என் அறைக்குள் போனாள். ஜிப் இழுக்கும் சத்தம். திரும்பி வந்தாள்.

"ஒண்ணும் இல்லப்பா."

நர்ஸ் குரலைத் தணித்து உமாவிடம்: "இல்லாதது கண்ணுக்குத் தெரியறது எத்தன நாளா?"

பையைத் திறக்கச் சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன்.

"போதும்மா," என்றான் செல்வம்.

சனி
வெயில். கேட்டுக்கு இரண்டாவது பூட்டு. திங்கள் முதல் டே கேர் வேன் வரும்.

தாரிணி காப்பி கொண்டுவந்தாள். "அம்மா திட்டுவாங்கன்னு பயந்துட்டேன் பாட்டி. எக்ஸாம் முடிஞ்சதும் சொல்லிடறேன்."

எக்ஸாம் எப்போது என்று கேட்டேன். அடுத்த மாதக் கடைசியாம். காப்பியைத் தொடவில்லை.

செல்வம் பயந்த சுபாவம், சின்னதிலிருந்தே. உமா என் வயிற்றில் பிறக்கவில்லை. நர்ஸ் காதில் விழுந்ததை எழுதினாள். இந்த மூன்று பேரையும் மன்னித்துவிடலாம். மன்னிக்க மாட்டேன் என்று எழுதி வைப்பது ஒரே ஒரு பெயர்.

தாரிணி.