கத்தாமல் இருந்த நாட்கள்

10 ஜூன் 2025, செவ்வாய்

இன்னிக்கும் கத்தினேன். கிரண் மெஷினில் டை அச்சை மாட்டாமல் டீ குடிக்கப் போய்விட்டான். திரும்பி வந்தவனை, அவன் அப்பன் பேர் வரைக்கும் இழுத்துத் திட்டிவிட்டேன். தகடு அடிக்கிற எங்கள் பிரஸ் ஷாப்பில் பதினோரு மெஷினும் ஒரு நிமிஷம் நின்றது. "சவுண்டு செல்வம்" என்று எனக்குப் பேர் வைத்திருக்கிறார்கள். என் காதில் விழுகிற மாதிரியேதான் சொல்கிறார்கள், கழுதைகள்.

மேனேஜர் பரந்தாமன் கூப்பிட்டார். "செல்வகுமார், இன்னொரு கம்ப்ளைண்ட் வந்தா லைன் லீடருக்கு வேற ஆளப் பாத்துப்பேன்." ஏற்கெனவே ரெண்டு கம்பெனி என் வாயால் போனது. என் வீட்டுக்காரி ரேணுகா தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "பொண்ணு பிளஸ் டூ படிக்கிறா. இந்த ஒரு வருசம் வாய மூடிகினு இரு. இல்லாங்காட்டி நான் எங்கம்மா ஊட்டுக்குப் பூடுவேன்."

15 ஜூன், ஞாயிறு

ரேணுகா தியான வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஆவடியில் ஒரு வீட்டு மாடி. ஒரு புத்தர் சிலை, பக்கத்தில் அம்பேத்கர் படம், கீழே பாய். நடத்துகிறவள் அருள்மொழி, தபால் ஆபீஸில் வேலை, என்னைவிடப் பத்து வயசு சின்னவள். "மூச்சப் பாருங்கண்ணா. கோவம் வந்தா, வந்துருக்குன்னு பாருங்க. வெரட்டாதீங்க, அதுகூட ஓடவும் ஓடாதீங்க" என்றாள்.

முட்டி வலி. கொசு வேறு. மூச்சைவிடக் கடிகாரத்தைத்தான் அதிகம் பார்த்தேன். ஆனால் இறங்கி வரும்போது லேசாக இருந்தது. பொய் சொல்லக் கூடாது.

19 ஜூன்

எலெக்ட்ரிக் ட்ரெயினில் ஒருத்தன் ஷூவோடு காலை மிதித்தான். மூச்சைப் பார்த்தேன். திட்டவில்லை. நானா!

24 ஜூன், செவ்வாய்

நாலாம் நம்பர் பிரஸ். பழைய மெஷின். ரெண்டு பட்டனையும் ரெண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் பிரஸ் கீழே இறங்கும். கை உள்ளே போகக் கூடாது என்றுதான் அந்த ஏற்பாடு. இன்று வலது பட்டனை ரப்பர் டியூப்பால் அழுத்திக் கட்டியிருந்தது. கட்டிவிட்டால் வலது கை சும்மா இருக்கும், தகடு வைத்து எடுக்கலாம், பீஸ் அதிகம் விழும். காலையில் பரந்தாமன் அதைக் கட்டுவதைத் தூரத்திலிருந்து நானே பார்த்தேன். மாசக் கடைசி, ஆர்டர் அவசரம்.

ஓட்டிக்கொண்டிருந்தது தேவிப்பிரியா. காண்ட்ராக்டில் வந்து எட்டு மாசம். இருபத்து மூணு வயசு.

தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. முன்னே மாதிரி இருந்தால் மெயினை அணைத்துவிட்டு, பரந்தாமன் ரூம் வரைக்கும் கத்திக்கொண்டே போயிருப்பேன். நின்றேன். காது சூடு, நெஞ்சு படபடப்பு, எல்லாவற்றையும் பார்த்தேன். மெல்ல அடங்கியது. அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். நான் அடுத்த மெஷினுக்கு நகர்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, "பரந்தாமனையே இன்னிக்குத் திட்டாம விட்டுட்டேன்" என்றேன். ரேணுகா கேட்காமலே இன்னொரு தோசை வைத்தாள்.

29 ஜூன், ஞாயிறு

மாடியில் எல்லாரும் அவரவர் வாரத்தைச் சொன்னார்கள். "பதினாலு நாளா கத்தல" என்றேன். கை தட்டினார்கள். எனக்கு ஒரே பெருமை.

டியூப்பைப் பற்றிச் சொல்லவில்லை. ஏன்? சொன்னால் ஏதாவது கேட்டுவிடுவார்கள் என்றா? இன்னமும் அது அங்கேதான் இருக்கிறது. தினமும் பார்க்கிறேன். இப்போதெல்லாம் கோபம்கூட வருவதில்லை.

2 ஜூலை, புதன்

தேவிப்பிரியாவுக்கு ரெண்டு விரல் போய்விட்டது. வலது கை. ஆள்காட்டி விரல், நடு விரல். காலை பதினொன்றே கால்.

3 ஜூலை

ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்னாலேயே டியூப்பைக் காணோம்.

உட்கார்ந்து மூச்சைப் பார்க்கலாம் என்று போனேன். எங்கே பார்க்கிறது? கண்ணை மூடினால் அவள் நிமிர்ந்து பார்த்ததுதான் வருகிறது.

4 ஜூலை, வெள்ளி

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் அம்மா பொன்னியம்மா என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் தூக்கி வைத்திருந்தார்கள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். தேவியே பேசினாள்.

"நீ பாத்த இல்லண்ணா?"

"பாத்தேன்மா."

"மேனேஜர் கட்டறப்ப எனக்கு பயமாத்தான் இருந்துச்சு. எதுனா தப்புன்னா நீ கத்துவியேன்னு உன் மூஞ்சியப் பாத்தேன். நீ கத்தல. அப்ப சரியாத்தான் கீதுன்னு நெனச்சிகினேன்."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழவில்லை. நான்தான் படியில் உட்கார்ந்து அழுதேன். நாற்பத்து மூணு வயசு ஆம்பிளை, போறவன் வர்றவன் எல்லாம் பார்க்க.

அடப் பாவி. நான் கத்துவதை நம்பித்தான் அந்த ஷாப்பே கை வைத்து வேலை செய்திருக்கிறது. எனக்குத் தெரியாமல் போச்சே.

6 ஜூலை, ஞாயிறு

மாடிக்குப் போய் அருள்மொழியைக் கிழித்துவிட்டேன். "மூச்சப் பாரு மூச்சப் பாருன்னு சொல்லி ஒரு பொண்ணு வெரல எடுத்துட்டியேம்மா!" எல்லாரும் எழுந்துவிட்டார்கள். அவள் அசையவில்லை, ஆனால் கண் கலங்கிவிட்டது.

"கோவத்தப் பாக்கச் சொன்னேன்ணா. மெஷினப் பாத்துட்டு சும்மா போகச் சொல்லலியே" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அன்னிக்குக் கை தட்டினோமே, அப்ப ஒரு வார்த்த நானும் கேட்டுருக்கணும்" என்றாள்.

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

8 ஜூலை, செவ்வாய்

பரந்தாமன் ஒரு பேப்பரை நீட்டினார். எச்சரித்தும் கேட்காமல் தொழிலாளி தானே பட்டனைக் கட்டிக்கொண்டார் என்று எழுதியிருக்கிறது. கீழே என் கையெழுத்துக்கு இடம். "வியாழக்கெழம பேக்டரி இன்ஸ்பெக்டர் வரார். அதுக்குள்ள போட்டுக் குடு. இப்பத்தான் நீ நல்லா மாறிக்கினு வர" என்றார்.

மாறிக்கினு வரேனாம்.

பேப்பரைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். கையெழுத்துப் போட்டால் தப்பு அவள் தலையில் விழும். சேர வேண்டிய நஷ்டஈடு சேராமல் இழுத்தடிப்பார்கள், அவள் வேலையும் போகும். போடாவிட்டால் என் வேலை.

9 ஜூலை

ரேணுகாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டியூப்பை அன்றே பார்த்ததையும் சொன்னேன். "அந்தத் தோச சுட்ட நாளா?" என்றாள். ஆமாம் என்றேன். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். "நான்தான் வாய மூடிகினு இருன்னேன். இதுக்கா சொன்னேன்? போய் வாயத் தொற."

சொல்லிவிட்டாள். பயம் எனக்குத்தானே.

10 ஜூலை, வியாழன்

இன்ஸ்பெக்டர் நாலாம் நம்பர் பக்கத்தில் நின்றுகொண்டு, "யார் கட்டினது?" என்றார். பரந்தாமன் என்னைப் பார்த்தார். பின்னால் கிரண், இன்னும் ஏழெட்டுப் பேர்.

கோபம் வந்தது, பார்த்தேன். பயம் அதைவிடப் பெரிசாக இருந்தது. எல்லாம் அங்கேயே இருக்கட்டும் என்று வாயைத் திறந்தேன். "மேனேஜர் கட்டினார். இருபத்து நாலாம் தேதி காலைல. நான் பாத்தேன். அவுக்கச் சொல்லல. எட்டு நாள் நானும் சும்மா இருந்தேன். இத எழுதிக்கங்க சார்."

குரல் உயரவில்லை. கடைசி மெஷின் வரைக்கும் கேட்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன், ஷாப் அவ்வளவு அமைதி. கிரண் முன்னால் வந்து, "நானும் பாத்தேன் சார்" என்றான். நான் அப்பன் பேரை இழுத்துத் திட்டிய அதே கிரண்.

11 ஜூலை

லைன் லீடர் போச்சு. ஸ்கிராப் யார்டில் கழிவுத் தகடு பிரிக்கச் சொல்லியிருக்கிறார்கள். கேஸ் முடியும்வரை வெளியே அனுப்ப மாட்டார்கள் என்கிறான் கிரண். வெயில் மண்டையைப் பிளக்கிறது.

1 செப்டம்பர், திங்கள்

தேவிப்பிரியா வேலைக்கு வந்தாள். பேக்கிங்கில் போட்டிருக்கிறார்கள். தப்பு அவள்மேல் இல்லை என்று எழுத்தில் வந்துவிட்டது. காலையில் யார்டைத் தாண்டிப் போனாள், திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் கூடாது.

மதியம் கேன்டீனில் மூலையாகப் பார்த்து உட்கார்ந்தேன். எதிரே யாரோ டிபன் பாக்ஸை டொக்கென்று வைத்தார்கள். நிமிர்ந்தால் அவள்.

"மூடி தொறக்க வரலண்ணா."

நான் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"இன்னா பாத்துகினே கீற? பசிக்குது, தொற."

திறந்து கொடுத்தேன். எலுமிச்சம் சாதம். எதிரிலேயே உட்கார்ந்து, இடது கையால் ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள்.