உன் மூடியை வெட்டிவிட்டோம், மாப்பிள்ளை

என் பிரியமான ஏகாம்பரம் மாப்பிள்ளைக்கு,

நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. உன் சிவப்பு வண்டி பாரிவாக்கத்து வீட்டு ஷெட்டில்தான் நிற்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை அதன் எஞ்சின் மூடியை வெட்டினோம். கோபித்துக்கொள்ளாமல் மேலே படி.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றதும், வெளிநாட்டுப் பந்தயக் காரின் படம் ஒன்றைச் சுவரில் ஒட்டிவைத்து, அதே மாதிரி இந்த வண்டியை ஃபைபரில் செய்தாய். எஞ்சின் பின்னால். அதன் மூடியில், படத்தில் இருந்தபடியே பக்கத்துக்கு நான்காக எட்டுக் காற்றுவழிகள். ஆனால் அச்சில் வார்த்ததால் அவை வெறும் பள்ளங்களாகத்தான் வந்தன. காற்று போக ஓட்டை இல்லை.

"வெட்டிடட்டுமா மச்சான்?" என்று என்னைக் கேட்டாய். நான் மூடியைத் தடவிப் பார்த்து, "கண்ணாடி மாதிரி இருக்கு, கெடுத்துடாதே. முன்னாடி வர்ற காத்தே போதும்" என்றேன்.

முப்பது வருடம் அறிவியல் நடத்தியவன் நான். சோறு பொங்கும்போது மூடியை ஏன் ஒருக்களித்து வைக்கிறோம் என்று கேட்டுத்தான் வெப்பப் பாடத்தையே ஆரம்பிப்பேன். சூடான காற்று வெளியேற வழி வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? உன் வேலையின் அழகைப் பார்த்ததும் அது எப்படி மறந்துபோனது?

அதற்குப் பிறகு நீ வண்டியை எடுத்தபோதெல்லாம் பூந்தமல்லி தாண்டுவதற்குள் சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போனது. அப்போதும் என் பேச்சை மதித்து நீ மூடியில் கை வைக்கவில்லை. "சூடு அடங்கட்டும், உன்னைச் செம்பரம்பாக்கம் ஏரிக்குக் கூட்டினு போறேன்" என்று வசந்தாவிடம் சொல்லிச் சொல்லியே நாள் கடந்தது. என் தங்கை அந்த வண்டியில் ஒருமுறைகூட உட்காரவில்லை.

மூன்று வாரத்துக்கு முன் அவளே கேட்டாள். "அண்ணே, ஒரே ஒரு தடவ அதுல ஏரிக்கர வரைக்கும் போய்ட்டு வரணும்." அப்போதுதான் நீ என்னைக் கேட்டதையும் நான் தடுத்ததையும் அவளிடம் ஒப்புக்கொண்டேன். "அப்போ நீயே வந்து வெட்டு" என்றாள்.

ரம்பத்தோடு போனேன். கை போகவில்லை. நீ நாள்கணக்கில் தேய்த்து மெருகேற்றியது. விரிசல் விட்டால் இன்னொரு மூடி செய்ய யார் இருக்கிறார்கள்?

"இன்னாண்ணே யோசிக்கிற? கைய வச்சா அவரு எழுந்து வந்து திட்டப்போறாரா?"

"திட்டினா?"

"வரட்டும். சோறு போட்டு உக்கார வச்சிக்கிறேன்."

உனக்குப் பிசின் குழைத்துக் கொடுத்தவள் அல்லவா, எல்லாம் தெரிந்திருந்தது. கோடு போட வேண்டிய இடத்தில் டேப் ஒட்டினாள். "எடுத்தவொடனே ரம்பத்த வைக்காத. ரெண்டு முனையிலயும் ஓட்ட போடு, விரிசல் அங்க நின்னுடும். கையில எண்ணெ தடவிக்கோ, இல்லன்னா ஃபைபர் நாரு ஏறிடும்."

முதல் கீற்றைக் கோணலாக வெட்டினேன். "வாத்தியாரு கோடு போட்ட லட்சணம்" என்று ரம்பத்தைப் பிடுங்கிக்கொண்டாள். மீதி ஏழும் அவள் வெட்டியவை. ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்துப் பிசின் தடவியதும் அவள்தான். ஒரு விரிசல் இல்லை, மாப்பிள்ளை.

நேற்று மாலை போனோம். ஓட்டியது நான். பூந்தமல்லியில் சிக்னலுக்குச் சிக்னல் நின்றோம். முள் பாதியைத் தாண்டவில்லை. வசந்தா ரோட்டைப் பார்க்கவே இல்லை, முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஏரிக்கரையில் நிறுத்தியதும் பின்னால் போய் மூடியின் மேல் உள்ளங்கையைக் காட்டினாள். எட்டு வழியிலும் சூடான காற்று வந்துகொண்டிருந்தது.

"இதுக்கா இத்தினி நாளு" என்றாள். முகத்தை ஏரிப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அழுதாளா? நான் கேட்கவில்லை.

இப்போது புதிதாக ஒரு கவலை. மழை பெய்தால் தண்ணீர் நேராக எஞ்சின் மேல் விழும். உள்ளே தகரம் வளைத்து வடிகால் வைக்கலாம் என்கிறாள். எனக்கும் அதில் ஒரு யோசனை இருக்கிறது. சொல்லப்போவதில்லை. அவள் காட்டுகிற இடத்தில் தகரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவள் கேட்கிற நாளெல்லாம் ஏரி வரை ஓட்டிப்போவேன். இது நான் உனக்குத் தரும் வாக்கு.

உன் மச்சான்,
வசந்தாவின் அண்ணன்
சண்முகம்