அரை மூட்டை பிளீச்சிங் பவுடர்

6 ஜூலை, ஞாயிறு

சர்ச் விட்டு வரும்போது, என் வகுப்பில் படிக்கும் ஏஞ்சல் என் நைனாவுக்குப் பெயர் வைத்தாள்: நாத்தனார். ஊர்ச் சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் நிலையத்தில் ஆபரேட்டராக இருப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஏது? எனக்குத் தோன்றவில்லையே என்று எரிச்சல். அங்கே சிரித்தேன். வீட்டில் அழுதேன்.

மதியம் நைனாவுக்குச் சோறு கொண்டுபோனேன். புதன்கிழமை அதிகாரிகள் வருகிறார்களாம். தண்ணீர் நன்றாக இருந்தால் நைனாவை நிரந்தரமாக்குவதாக சூப்பர்வைசர் வேதகிரி சொல்லியிருக்கிறார். கடைசியில் வெளியேறும் தண்ணீரில் துளித்துளியாகக் கலப்பதற்கு பிளீச்சிங் பவுடர் மூட்டை இருந்தது. நைனா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, குமிழி விடும் பெரிய தொட்டியில் அரை மூட்டையைக் கவிழ்த்தேன். பெரிய மனிதர்கள் மூக்கைப் பொத்தாமல் நிற்கட்டும்! நைனாவிடம் சொல்லவில்லை. சர்ப்ரைஸ்.

7 ஜூலை

நைனாவின் சட்டையில் நீச்சல்குள வாசனை. ஷாரோன், நீ மேதை.

8 ஜூலை

மேதை இல்லை. கொலைகாரி.

நைனா சாப்பிடவில்லை. "தொட்டி செத்துப் போச்சு" என்றார். தண்ணியாவது, சாகறதாவது என்று கேட்டேன்.

"கிருமிதாண்டி அழுக்க துன்னுது. நான் வெறும் காவலு."

ஒன்பது வருஷத்துக்கு முன் அங்கே குழி தோண்டும் கூலிக்குப் போனாராம். அதுவரை ஊர்க் கக்கூஸ் தண்ணீரெல்லாம் ஏரிக்குத்தான். கட்டி முடித்து மோட்டார் போட்டும் நாற்றம் போகவில்லை. வீடு வீடாகச் சாணி வாங்கி, கரைத்து, நாற்பது நாள் ஊற்றியபிறகுதான் கிருமி பிடித்ததாம். இதையெல்லாம் நான் ஏன் முன்பே கேட்கவில்லை? பதினாறு வருஷமாக ஒரே வீட்டில்தானே இருக்கிறோம்?

நாளைக்குப் புதன். ஆண்டவரே, ஒரு நாளில் கிருமி வளருமா?

9 ஜூலை

வளரவில்லை. அதிகாரிகள் பாட்டிலில் பிடித்த தண்ணீர் கறுப்பு.

மூட்டையைக் கவிழ்த்தது தான்தான் என்று நைனா எழுதிக் கொடுத்துவிட்டார். வேலை போயிற்று. என் சுடிதாரில் வெளுத்துப்போன திட்டுகளை அவர் அன்றைக்கே பார்த்திருக்கிறார். "ஏன் நைனா?"

"புள்ளய உள்ள வுட்டேன்னு எய்தினா போலீஸு கேஸு ஆவும். வுடு."

ஒரு அடி அடித்திருக்கலாம். அடிக்கவே இல்லை.

10 ஜூலை

வேதகிரியிடம் போய்ச் சொன்னேன். "சார், நான்தான் கொட்டினேன்."

"போன மாசம் தலைமையாசிரியர் செத்துட்டாருன்னு போர்டுல எழுதுனவதானே நீ? போம்மா, உங்கப்பனே கையெழுத்து போட்டுட்டாரு."

வாழ்க்கையில் முதல்முறை உண்மை சொன்னேன். நம்ப ஆளில்லை. ஊர்க் கூட்டத்தில் கத்தவா? யார் காலில் விழ? அம்மா என்னிடம் பேசுவதில்லை.

14 ஜூலை

நைனா புள்ளலூருக்குக் கூலிக்கு வரப்பு வெட்டப் போனார்.

19 ஜூலை

புது ஆபரேட்டர் புருஷோத்தமன் பைக்கில் வந்தார். பாவம், டிப்ளமா படித்தவர். "அண்ணா, பத்து நாளா நாறிக்கினே கீது. இன்னா பண்றதுன்னே தெரியல."

"வேலய புடுங்கிக்கினு, யோசன கேக்க வூட்டுக்கே வரியா?" என்று அம்மா பாய்ந்தாள்.

நைனா அவரை உட்காரச் சொன்னார். எத்தனை அன்னக்கூடை சாணி, எவ்வளவு வெல்லம், தொட்டிக்குள் காற்று எத்தனை மணி நேரம் விடவேண்டும் — எல்லாம் சொன்னார். அடப்பாவி நைனா, உனக்குக் கோபமே வராதா?

20 ஜூலை

சாணி அள்ள நான் போகிறேன் என்றேன். முதல் வீடு ஏஞ்சலுடையது; ரெண்டு மாடு. வாயைத் திறந்தாள், என் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டு இன்னொரு கூடை எடுத்து வந்தாள்.

28 ஜூலை

கை நாறுகிறது. தொட்டி அசையவில்லை.

3 ஆகஸ்ட், ஞாயிறு

நைனாவும் நானும் நிலையத்துக்கு நடந்தோம். புருஷோத்தமன் ஒரு கண்ணாடி ஜாடியில் தொட்டித் தண்ணீர் பிடித்து, கம்பிவேலிக்கு அந்தப் பக்கமிருந்து எங்களிடம் நீட்டினார். அரை மணி நேரம் மூவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். பழுப்பு வண்டல் மெல்லக் கீழே இறங்கியது. மேலே தண்ணீர் தெளிந்தது.

"பொயச்சிக்கிச்சிபா" என்றார் நைனா.

"உள்ள வாண்ணா, கிட்டக்க வந்து பாரு."

"வாணாம்பா. ரிஜிஸ்டர்ல என் பேரு இல்ல."

வேலிக் கம்பியைப் பிடித்திருந்த கையை எடுக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.